இருபத்திரண்டு ஈயக் குண்டுகள்

திரியெஸ்தே நகரத்துக் காற்றுக்குப் போரா என்று பெயர்.
மலையிலிருந்து இறங்கும். சொல்லிவிட்டு வராது.
வந்த நாளில் குப்பைத்தொட்டிகள் தெருவில் நடக்கும்,
ஸ்கூட்டர்கள் வரிசையாகப் படுத்துக்கொள்ளும்,
என் வயதுப் பெண்கள்
பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துச் சுவரோரம் ஒண்டுவார்கள்.
புத்திசாலிகள் எப்போதோ கால்சட்டைக்கு மாறிவிட்டார்கள்.
நான் மாறவில்லை.
என் முட்டிகளுக்குக் காற்றோட்டம் பிடிக்கும்.

எழுபத்தோரு வயது. பெயர் நெரினா.
முப்பது வருடம் காப்பிக் கிடங்கில்
பச்சைக் கொட்டைகளைத் தரம் பிரித்தேன்,
எல்லோருக்கும் ஒரே சாம்பல் நிற மேலங்கி.
அந்தச் சாம்பலுக்கு உள்ளே தினமும் ஒரு நல்ல பிளவுஸ் இருந்தது.
யார் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள்.
பொத்தான் போட்டவள் பார்த்தாள்.

இடது தோள் இப்போது காதுக்கு மேலே எழாது.
ஆகவே தலைவழியே மாட்டுகிற எதுவும் வீட்டில் இல்லை.
முன்னால் திறக்கும் சட்டைகள்,
விரல் தேடாமலே கண்டுபிடிக்கிற பெரிய பொத்தான்கள்.
இடுப்பில் எலாஸ்டிக். அதன்மேல் ஒரு பெல்ட்;
அழகாக இருப்பதைத் தவிர
அந்தப் பெல்ட்டுக்கு வேறு உத்தியோகம் கிடையாது.
ஹீல்ஸை ஐம்பத்தெட்டில் விட்டேன்.
இப்போது தட்டையான செருப்பு, ஆனால் தக்காளிச் சிவப்பு.
பை வைக்காத உடையைத் தொடமாட்டேன்:
சாவி, கைக்குட்டை, பஸ் டிக்கெட்,
பாதி தின்ற பிஸ்கட் எல்லாம் எங்கே போகும்?

மகள் உதினேயிலிருந்து கூப்பிடுவாள்.
வீடியோவில் கம்மல் தெரிந்துவிடும்.
"எங்கேம்மா கிளம்பிட்டே?"
"உருளைக்கிழங்கு உரிக்க."

எத்தோரே இறந்தபோது கறுப்பு உடுத்தினேன்.
ஒன்பது நாள்.
கறுப்பில் என் முகம் வேகாத மாவு.
பத்தாம் நாள் ஆலிவ் பச்சைக்குப் போனேன்.
மேல்மாடி சினோரா மராஸ்பின் படிக்கட்டில் பார்த்தாள்,
வணக்கம் சொல்லவில்லை,
மூன்று மாதம் சொல்லவில்லை.
சரி, பச்சை எனக்குப் பொருந்தியது.

அவருடைய தூண்டில் பெட்டி
ஒரு குளிர்காலம் முழுக்க அலமாரிமேல் கிடந்தது.
கொடுக்கவும் மனமில்லை, திறக்கவும் மனமில்லை.
திறந்தேன். மட்கிய நூல், ஒரு பேனாக்கத்தி,
பட்டாணி அளவில் ஈயக் குண்டுகள். எண்ணினேன், இருபத்திரண்டு.
பாவாடையின் ஓரமடிப்பைப் பிரித்து
ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி
ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை தைத்தேன்.

அடுத்த போராவில்
பஸ் நிறுத்தத்தில் ஒரு தொப்பி கடல் பக்கம் புறப்பட்டது,
ஒரு குடை தன்னைத்தானே முறித்துக்கொண்டது.
என் பாவாடை மட்டும்
கட்டிப்போட்ட படகு மாதிரி ஆடி, ஆடி, நின்றது.
நாற்பது வருடம் வாசலில் நின்று
"இன்னும் எவ்வளவு நேரம் உடுத்துவாய்?" என்று கத்திய மனிதர்
இப்போதுதான் அந்த வேலைக்கு
ஒரு கை கொடுத்தார்.

போன வியாழன் ஆஸ்பத்திரி. ஸ்கேன்.
படிவத்தோடு ஒரு பையன்: "மேலே உலோகம் ஏதாவது?"
"இருபத்திரண்டு."
பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.
எல்லாவற்றையும் கழற்றி மடித்து வைத்தேன்,
காகித அங்கி ஒன்று தந்தார்கள், வெளிர்நீலம்,
திறப்பு முதுகுப் பக்கம்.
முதுகே இல்லாத யாரோ யோசித்திருக்க வேண்டும்.
திருப்பிப் போட்டேன்.
ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்து
முடிச்சை இடது இடுப்பில் கட்டினேன்.
கைகளை இரண்டு மடிப்பு ஏற்றிவிட்டேன்.
"இந்த மஞ்சள் காலுறை?"
"பருத்திதானே, இருக்கட்டும்" என்றான்.

நடைவழியில், சக்கர நாற்காலியில் ஒரு கிழவர்,
அதே நீலம், அதே காகிதம்.
என்னைப் பார்த்தார். தன்னைக் குனிந்து பார்த்தார்.
நாலே நாலு முடி,
அதை விரலால் கோதிக்கொண்டார்.

முடிவு செவ்வாய்க்கிழமை சொல்வார்களாம்.
செவ்வாய்க்கு எந்த பிளவுஸ் என்று
நான் இன்னும் முடிவு செய்யவில்லை.
காற்றைப் பொறுத்தது.