அரைப் பேர்

மழைக்குச் சரிந்த கானில்,
பதினாறாம் நம்பர் மலையில்,
அட்டையைப் பிடுங்கிப் போடக் குனிந்தபோது
கிடந்தாள்.
படங்கு ஓரத்தில் தேய்க்கத் தேய்க்க
பாசி நிறத்தில் ஒரு பொம்பளை முகம்.
உச்சியில் கொண்டை.
மூக்கு மட்டும் மழுங்கவில்லை.

ரோமாபுரி ராணியாம்.
பசறையில் சகாயநாதன் மாஸ்டர்
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே வைத்துப் பார்த்தார்.
வெண்கலம். அவள் செத்த பிறகு
ராசா அவளைச் சாமியாக்கி அடித்த காசு.
சுற்றி எழுதியிருப்பது பேர்,
பாதி தேய்ந்து போச்சு, என்றார்.

அரைப் பேரா?
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
கிலோ குறைந்த நாளில்
கணக்கப்பிள்ளை எனக்குப் போடுவதும் அதுதானே.

அந்தியில் கொழுந்துக்கு அடியில்
அவளையும் போட்டு நிறுத்தேன்.
முள் அசையவில்லை.
ஈரத்துக்கென்று மூன்று கிலோ கழித்தான்,
ராணியையும் சேர்த்து.

அதே மலையில்தான் போன மாசியில்
குளவி கொட்டி விழுந்தாள் சிட்டம்மா.
பத்தரை மணி.
செக்ரோலில் அன்றைக்கு அவளுக்கும்
அரைப் பேர்.

காசை அவள் புருஷனிடம் கொடுத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
“செல்லுமா?” என்றான்.