கால் அங்குலம்

கனடாவிலிருந்து மச்சான் நிஹ்மதுல்லா அனுப்பிய வீடியோவில்
மஞ்சள் தகடு பூட்டிய ஒரு குட்டி மிசின்
பனியைத் தள்ளிக்கொண்டு போகிறது.
பதினெட்டு வினாடி.
நாற்பது தரம் பார்த்தேன்,
பனிக்காக அல்ல,
தகட்டைத் தாங்கும் கைகள்
மிசினில் எங்கே பூட்டியிருக்கிறது என்று.

சம்மாந்துறையில் எங்களுக்குத் தெரிந்த பனி
தை மாதத்து விடியப்புறம்
பூசணி இலையில் உட்காரும்.
ஏழரைக்கு எழும்பிப் போய்விடும்,
அதைத் தள்ள ஆள் தேவையில்லை.

ஆள் தேவைப்படுவது இதற்கு:
ஆலைக்குப் பின்னால் முக்கால் ஏக்கர் சிமெந்துத் தளம்,
முந்நூறு மூடை ஈர நெல்,
மாசியில் வரக்கூடாத ஒரு கறுப்பு
மேற்கே மலைப்பக்கம்.
போன வருடம் ஆறு பெண்கள் பலகையோடு ஓடியும்
நாற்பது மூடை முளைத்துப்போனது.
அந்தப் பச்சையைப் பார்த்து
யாரும் சந்தோஷப்படவில்லை.

மிசினுக்கு என்னைவிட வயது.
ஏலத்தில் எடுத்தது.
மூடியில் ஜப்பான் எழுத்தில் ஒரு வரி,
எச்சரிக்கையோ வாழ்த்தோ.
முன்னால் எடைக்கட்டி தொங்கிய இடத்தில் நான்கு துளை,
ஒன்றில் புரி தேய்ந்திருந்தது.

உதுமாலெவ்வை நானா
தார் பீப்பாயை நெடுக்காக அறுத்தார்.
"வளைவு உள்ளுக்கே இருக்கு தங்கச்சி,
நாம எடுக்கிறதுதான் வேலை."
லொறியின் வில்தகடு இரண்டு கைகளாயின.
தூக்கி இறக்க ஒரு சங்கிலி,
சங்கிலியை இழுக்க
தண்ணீர் வராமல்போன குழாய்க்கிணற்றின் கைப்பிடி.
கரண்ட் இரண்டு தரம் போனது.
இரண்டு தரமும் அவர் முகமூடியைக் கழற்றாமல்
இருட்டுக்குள் நின்றார்.

முதல் ஓட்டம்.
இரண்டு சிமெந்துப் பாளத்துக்கு நடுவில் தகடு கடித்து
மிசின் பின்காலைத் தூக்கியது.
போன வழியெல்லாம் உமி கழன்று
அரிசி வெள்ளையாகக் கிடந்தது.
"இனி ஆலை எதுக்கு," என்றார் நானா,
"அடுப்பை மூட்டுங்க."

பழைய அஞ்சு ரூபாய்க் குற்றி இரண்டை
ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து
அதன்மேல் தகட்டை இறக்கினோம்.
இரு நுனியிலும் சறுக்குக்கு
தேய்ந்த கலப்பைக் கொழு.
கால் அங்குலம் இல்லை, கொஞ்சம் குறைவு.
நெல் அடியில் படுத்துக்கொள்ளும்,
இரும்பு மேலால் போகும்.

சுலைஹா பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டாள்,
"அப்ப நாங்க, ராத்தா?"

எனக்குப் பதில் இருக்கவில்லை.
மழைக்கு இருந்தது.
மூன்றாம் நாள் அஸர் பாங்குக்கு முன்னால்
புழுதி வாசம் வர
நான் ஏறி உட்கார்ந்தேன்.
பன்னிரண்டு நிமிடம்.
நெல் அலையாக எழும்பித் தகட்டுக்குள் சுருண்டு
நடுவில் குன்றுகளாக நின்றது.
அவர்கள் படங்கை இழுத்து மூடினார்கள்.
முதல் துளி விழும்போது
கதீசாவும்மா தும்புத்தடியோடு
தகடு விட்டுப்போன அந்த மெல்லிய விரிப்பைக்
கூட்டத் தொடங்கியிருந்தாள்.
ஈரத்தோடு அளந்தோம்:
மூன்று மரைக்கால்.

"கூலி பழையபடி," என்றேன்.
"கூலி பழையபடி," என்றாள் சுலைஹா,
"அடியில நிக்கிறது எங்கட."
ஆறு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.
சரி என்றேன்.

இரவு மச்சானிடம் கேட்டேன்,
அங்கே அடிவரைக்கும் சுரண்டுவீர்களா?
"சுரண்டாட்டி வழுக்கி விழுந்தவன்
வழக்குப் போடுவான்."

அடுத்த கிழமை முதல்
அவர்களின் மரைக்கால் நாலானது.
பிறகு நாலரை.
நெல் இந்த முறை பொலிகிறது என்றாள் கதீசாவும்மா,
என்னைப் பாராமல்.

இன்று காலை எண்ணெய் விடக் குனிந்தபோது
தகட்டுக்கடியில் மினுங்கியது.
சறுக்கின் ஆணி புதிதாக முறுக்கியிருந்தது.
குற்றிகளை எண்ணினேன்.
மூன்று.

கையைத் துடைத்துக்கொண்டு
மிசினை ஸ்டார்ட் பண்ணினேன்.