பதினேழாம் பெட்டி

முட்டைக்குள் இருந்தவரை
அதன் வயிறு காலி அறை.
ஓடு உடைந்த அன்றே
தாயின் அலகில் ஒட்டியிருந்தவை,
பச்சைப்புழுவின் குடலில் இருந்தவை,
பாசியில், கூட்டில் மெத்தையாய்க் கிடந்த
எருமை மயிரில் இருந்தவை
எல்லாம் உள்ளே போயின,
செருப்பைக்கூடக் கழற்றாமல்.

கோத்தகிரியில் சித்திரை மழை வலுக்கும் முன்
எட்டாம் நாள் ஒரு முறை,
பதினைந்தாம் நாள் ஒரு முறை
பட்டாணிக்குருவிக் குஞ்சுகளின் எச்சம் எடுக்கிறோம்.
ஆராய்ச்சி என்று மட்டும்
வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

யோகராணி ஏணியைப் பிடித்துக்கொள்வாள்.
நான் பெட்டியின் மூடியைத் திறப்பேன்.
என் நிழலையும் தாய் என்று நம்பி
ஐந்து மஞ்சள் வாய்கள்.
உள்ளங்கையில் எடுத்ததும் ஒன்று
பின்பக்கத்தைத் தூக்கி
விபூதிப் பொட்டலம் மாதிரி
வெள்ளையாய் ஒன்றைத் தரும்.
சூடாக இருக்கும்.
தாய் கவ்விப்போய்த் தூரத்தில் போடவேண்டியது.
வழியில் நான்.

குழாய்களை வைக்கக் கிடைத்த குளிர்ப்பெட்டி
பேக்கரியின் பின்கட்டில் இருந்தது.
ஐஸ்கிரீம் டப்பாக்களுக்குக் கீழே
சிவப்பு மையில் "தொடாதே".
என்ன இருக்கிறது என்று இதயத்துல்லா கேட்டான்,
சொன்னதும் முகம் சுளித்தான்.
பிறகு வர்க்கிக்குப் புளிக்கவைத்த
மாவுச் சட்டியைப் பார்த்து,
"இதுக்குள்ள இருக்கறதும் அதானே?"
அதுவேதான் இல்லை. அந்த வகையறா.
கரண்டு போனால் மட்டும்
மறக்காமல் போன் செய்வான்.

இந்த வருடம் இரண்டு குஞ்சுகளை இடம் மாற்றினோம்.
பதினேழிலிருந்து ஒன்று இருபத்துமூன்றுக்கு,
அங்கிருந்து ஒன்று இங்கே.
கண் திறக்காத மூன்றாம் நாளில்.
அடையாளத்துக்கு
யோகராணியின் நகப்பூச்சு, ஒரு விரலில்.
தாய்கள் எண்ணிப் பார்க்கவில்லை.
வாய் திறந்திருந்தது, ஊட்டின.

இருபத்துமூன்றுக்குப் போனது
பன்னிரண்டாம் நாள் மழையில் விறைத்துக் கிடந்தது.
அதன் குழாய் ஒன்றுதான்.

ஆடியில் முடிவு வந்தது.
இங்கே வந்த குஞ்சின் எட்டாம் நாள் எச்சத்தில்
பெற்ற கூட்டின் சாயல் கொஞ்சம் இருந்தது.
பதினைந்தில் அதைத் தேடவேண்டியிருந்தது.
திரையில் புள்ளிகள்.

"நகப்பூச்சு எது?"
காட்டினேன்.
கிட்டப் போய்ப் பார்த்தாள்.
"பக்கத்துல இருக்கறதும் இதும் ஒண்ணா?"
"கிட்டத்தட்ட."
கொஞ்ச நேரம் கழித்து, திரையைப் பார்த்தபடியே,
"எங்கப்பா கப்பல்ல வந்தப்ப ஏழு வயசு.
ரேஷன் கடைல இன்னும்
சிலோன்காரர்னுதான் கூப்புடுறாங்க."

ஒரே ஒரு புள்ளியை வைத்து
எதுவும் சொல்லக் கூடாது.
அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.
அவளிடம் அதைச் சொல்ல
வாய் வரவில்லை.

மறுநாள் பதினேழாம் பெட்டியைக் கழுவப் போனோம்.
பழைய கூட்டை வெளியே எடுத்து உதறினாள்.
காய்ந்த பாசி, பூச்சி இறகு, எருமை மயிர்.
நடுவில் வட்டமாய்ச் சுற்றிக்கொண்டு
ஒரு முழ நீளத்துக்குக் கருப்பாய் ஒன்று.
இழுத்துப் பார்த்தாள்,
வரவில்லை.
ஈரக் கையோடு
தன் பின்னலைத் தொட்டுக்கொண்டாள்.