பீரோவுக்குள் ஆள்

செல்லூரில் ஒரு பழைய சாயக் குடோனை
ஆறு நாளைக்கு வாடகைக்குப் பிடித்தோம்.
அறுபத்திரண்டு பிளாஸ்டிக் நாற்காலி,
முன்னால் பாயில் இன்னும் பத்துப் பேர்.
சுவருக்கு அந்தப்புறம் ரெங்காராமின் விசைத்தறி,
டடக் டடக் டடக் டடக்,
நான்கு தறி, இரவு பத்து மணி வரை.
ஒத்திகையிலேயே அருளப்பன் தலையில் அடித்துக்கொண்டார்:
இந்தச் சத்தத்துல எவன்யா பயப்படுவான்?

கதை இவ்வளவுதான்.
ஒரு வீடு. ஒரு இரும்பு பீரோ. சாவி தொலைந்துவிட்டது.
ஜெசிந்தா துணி மடிப்பாள், பால் கணக்கு எழுதுவாள்.
உள்ளேயிருந்து யாரோ தட்டுவார்கள்.
மூன்று தட்டு.
கடைசிவரை கதவு திறக்காது.
உள்ளே பூமிராஜன்,
முட்டியை மார்போடு ஒட்டிக்கொண்டு,
பின்தகட்டில் நாங்கள் போட்ட ஏழு ஓட்டைகளை நம்பி.

விளக்கு என் பொறுப்பு.
திகில் என்றால் சிவப்பு என்று நினைத்தவன் நான்.
அருளப்பன் சிவப்புத் தாளைக் கிழித்துப் போட்டார்.
அடுப்படியில் எரிகிற மஞ்சள் பல்பு போதும்.

முதல் நாள் யாரோ முறுக்குக் கடித்தார்கள்.
தட்டியதும் ஒரு பையன், 'கேஸ் சிலிண்டரா பாருங்க' என்றான்.
குடோனே சிரித்தது.
பூமிராஜனும் சிரித்திருக்க வேண்டும்,
பீரோ லேசாக ஆடியது.

இரண்டாம் நாள்,
ஜெசிந்தா கைப்பிடியைத் தொடப்போகிற இடம்.
நான் விளக்கை அணைத்துப் பதினொன்று எண்ண வேண்டும்.
நான்கில் தறி நின்றது.

கரண்ட் போனது எனக்குத் தெரியவில்லை,
இருட்டுக்குள் இருட்டு எப்படித் தெரியும்.
ஒரு மணி நேரமாய்க் காதுக்குள் கிடந்ததை
யாரோ சரக்கென்று உருவினார்கள்.
எச்சில் விழுங்குவது கேட்டது,
யாருடையது என்று தெரியவில்லை.
பதினொன்று. டிம்மரை ஏற்றினேன்.
வரவில்லை.
இருபது.
பூமிராஜன் தட்டினான்.
மூன்று.
அப்புறம் நான்கு, ஐந்து,
அப்புறம் எண்ண முடியாமல், உள்ளங்கையால்.
அது எங்கள் நாடகத்தில் இல்லை.

சினிமா பீரோவுக்குள் இருந்தவன்
எப்போதோ சம்பளம் வாங்கி, பஸ் பிடித்து, வீடு போயிருப்பான்.
இவன் இருக்கிறான்.
பத்தடியில்.
நாம் விடுகிற மூச்சைத்தான்
ஏழு ஓட்டை வழியாக இழுத்துக்கொண்டிருக்கிறான்.

கரண்ட் வந்தபோது யாரும் கைதட்டவில்லை.
செருப்பைத் தேடி மாட்டுவதற்கே
ரொம்ப நேரம் ஆனது அவர்களுக்கு.

மறுநாள் காலை ரெங்காராமைப் பார்த்தோம்.
எட்டு நாற்பதுக்குத் தறியை நிறுத்தணும், ரெண்டு நிமிஷம்.
எதுக்கு?
பயத்துக்கு.
முந்நூறு ரூபாய் என்றார்.
பூமிராஜன் தன் நடுக்கத்தை மனப்பாடம் செய்தான்:
பதினேழு தட்டு, ஒரு இடைவெளி, பிறகு நகம்.
மூன்றாம் நாளும் நான்காம் நாளும் நன்றாகவே பயந்தார்கள்,
டிக்கெட் வாங்கியவர்கள் பயப்படுகிற அளவுக்கு.
ஐந்தாம் நாள் ஞாயிறு, தறிக்கு லீவு.
ஓடாததை எப்படி நிறுத்துவது?
அந்தப் பையன் மறுபடி வந்திருந்தான். மறுபடி சிரித்தார்கள்.

ஆறாம் நாள் ரெங்காராம் பணம் வேண்டாம் என்றார்.
நிறுத்துவதற்குத் தன் ஆளிடம் சொல்லிவிட்டு
கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார்,
வேட்டியில் பஞ்சு, கழுத்தில் துண்டு.
எட்டு நாற்பது.
நின்றது.
பதினேழு. இடைவெளி. நகம்.

நாற்காலி நகர்கிற சத்தம்.
செல்போன் வெளிச்சம் ஒன்று
நடுவழியே நடந்து போனது, அவசரமில்லாமல்.
ஜெசிந்தா விலகிக்கொண்டாள்.
சாவி தொலைந்தது கதையில்தானே.
அவர் கைப்பிடியைத் திருகினார்.
திறந்தது.

பனியனோடு பூமிராஜன்,
வேர்வை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு,
யாரென்று புரியாமல்.
ரெங்காராம் திரும்பி எங்களைப் பார்த்தார்.
'உள்ள ஆள் இருக்குல்ல' என்றார்,
'அஞ்சு நாளா தட்டுறான்ல.'

யாரும் பக்கத்து நாற்காலியைப் பார்க்கவில்லை.
சுவருக்கு அந்தப்புறம் தறி இன்னும் தொடங்கவில்லை.
பதினொன்று எப்போதோ தாண்டிவிட்டது.
என் கை டிம்மரில்.
ஏற்றினால் முகங்கள் தெரியும்.