உத்தேசமாக

பிரசவப் பதிவேட்டில் ஒன்பதாவது கட்டம்:
இழந்த ரத்தம், உத்தேசமாக.
அதை அச்சிட்டவர்
முழங்கால் நனைய நின்றதில்லை.

லெசோத்தோவில் ஜூன் என்றால் பனி.
கணவாய்ச் சாலை இரண்டு நாளாய் மூடிக் கிடந்தது.
மாபுலானே குதிரையில் வந்தாள்,
இரண்டு கம்பளி போர்த்தி, வலியோடு.
கொழுந்தன் தன்கிசோ கடிவாளம் பிடித்து நடந்தான்.
குதிரைக்கும் அவளுக்கும் ஒரே இரைப்பு.

மாபுலானே என்றால் புலானேயின் தாய்.
மணமான அன்றே புகுந்த வீடு வைத்துவிடும் பெயர்,
இன்னும் பிறக்காத பிள்ளையை முன்னிட்டு.
ஏழு வருடம் அப்படியே கூப்பிட்டார்கள்.
இரண்டு முறை கலைந்தது.
அப்போதும் அப்படியேதான் கூப்பிட்டார்கள்.

அதிகாலை மூன்று பத்து. பெண். அழுதது.
நஞ்சு முழுதாக விழுந்தது.
விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
ஓரம் எங்கும் பிய்யவில்லை.
தேநீர் கேட்டாள், மூன்று கரண்டி சர்க்கரையோடு.
மாசெலொமே அடுப்பு மூட்டப் போனாள்.

தேநீர் வந்தபோது
கட்டிலுக்கு அடியில் சொட்டும் சத்தம்.

பிள்ளை இறங்கிய கருப்பை கல்லாக வேண்டும்.
கல்நெஞ்சு என்று ஊரெல்லாம் திட்டுகிறோம்,
அன்று நான் கேட்டது கல்லைத்தான்.
கைக்குக் கிடைத்ததோ பிசைந்த மாவு.
தேய்த்தேன். கல்லாகு.
நாக்கடியில் மாத்திரை. கல்லாகு.
இரண்டாவது ஊசியை உடைக்கும்போதுதான்
போன வாரம் குளிர்பெட்டி மூன்று நாள் நின்றுபோனது
நினைவுக்கு வந்தது.

தன்கிசோ மேட்டுக்குக் குதிரையை விரட்டினான்,
போனில் இரண்டு கோடு தெரியும் பாறைக்கு.

ஒரு கை உள்ளே, முஷ்டியாக.
ஒரு கை வெளியே, அடிவயிற்றின் மேல்.
இரண்டுக்கும் நடுவே அவள்.
சுவர்க் கடிகாரம் எனக்குப் பின்னால் இருந்தது.
மூக்கு அரித்தது. வெட்கமாக இருக்கிறது, சொல்கிறேன்:
அந்த நேரம் அதிகம் நினைத்தது
என் மூக்கைத்தான்.
அதை நினைக்காவிட்டால்
போன ஆகஸ்டின் மாகொபானோவை நினைக்க வேண்டும்.
இதே கட்டில்.

மாசெலொமேயிடம் அலமாரியைக் காட்டினேன்.
மாதம் தவறாமல் பெட்டி பெட்டியாக வரும் ஆணுறை.
சுரங்கத்திலிருந்து விடுப்பில் வரும் ஆண்கள்
சிரித்துவிட்டு எடுக்காமல் போவது.
கையுறை மாட்டி, ஒன்றைப் பிரித்து,
ரப்பர் குழாயின் நுனியில் நூலால் கட்டினாள்.
தரை துடைக்க வேலைக்கு வந்தவள்.
முடிச்சு மூன்றும் மூன்று ஆணி.
உள்ளே செலுத்தி உப்புநீர் விட்டோம்.
பருத்தது, அரை லிட்டர் வரை,
காலியான வீட்டில்
ஒரு தண்ணீர்ப் பிள்ளை குடியேறியது.

சொட்டு நின்றது.
அல்லது நாங்கள் மூச்சை நிறுத்தியதால்
நின்றது போலிருந்தது.

எட்டு மணிக்கு வண்டி வந்தது,
மண் தள்ளும் இயந்திரத்தின் பின்னால், சக்கரத்தில் சங்கிலியோடு.
இரண்டு பை ரத்தம்.
கொடுத்தவர் பெயர் இல்லை, எண் மட்டும்.
ஏற்றும்போது அவள் உதடு அசைந்தது.
குனிந்து கேட்டேன்.
தேநீர் ஆறிவிட்டதா என்றாள்.

குழந்தையும் அவளோடு போனது, கம்பளிக்குள்.
புலானே என்றால் மழையோடு வந்தவள்.
பனியும் மழைதானே என்று கேட்டான் தன்கிசோ,
யாரும் மறுக்காத போதே.

இப்போது ஒன்பதாவது கட்டம்.
துணியை எடை போட்டுவிட்டேன்.
மெத்தை குடித்ததை எதில் வைத்து நிறுப்பது?
சிமெண்ட் விரிசலில் இறங்கியதை?
என் கால்சட்டையில் காய்ந்ததை?
பேனா பிடிக்க வலது கை இன்னும் விரியவில்லை,
உள்ளே இருந்த வடிவத்திலேயே இருக்கிறது.

தன்கிசோ மறுபடி மேட்டுக்குப் போயிருக்கிறான்,
மருத்துவமனையைக் கேட்டு வர.
பேனாவை வைத்துவிட்டு
இடது கையால் பென்சில் எடுக்கிறேன்.
ஜன்னலில் குதிரை தெரியவில்லை.