ஒரு மணி நேரமாவது

ஈசூன் ரிங் ரோட்டில் இது எனக்கு நாலாவது புளோக்.
லிஃப்டில் உச்சிக்குப் போய்ப்
படியில் இறங்கிக்கொண்டே வருவேன்,
முழங்காலுக்கு அதுதான் தோது.
கழுத்தில் அட்டை, கையில் டேப்லட்.
அட்டையிலிருக்கும் படத்தில்
நான் இன்னும் கப்பல் கம்பெனிக் கணக்காளர்.
பழைய படம். அவர்கள் புதிது கேட்கவில்லை.

பதினோராம் மாடி, திரு குவெக்.
கம்பிக் கதவைத் திறக்காமலே
அட்டையை எழுத்துக் கூட்டினார்: மா-ரா-கா-தம்.
"வேலையில்லாதவர் குறைவு என்று பேப்பரில் வருகிறதே,
இந்தத் தாழ்வாரத்தில் மட்டும் நாலு பேர்
பகல் பதினோரு மணிக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம்.
எங்களைப் புள்ளிக்கு முன்னால் போட்டார்களா,
பின்னால் போட்டார்களா?"

குலுக்கலில் எடுத்த முகவரிகள் என்றேன்,
மனப்பாடம் செய்தபடி.
"நாலு நம்பரில் முப்பது வருடம் விழாதவனுக்கு
இதில் விழுந்திருக்கிறது" என்றார்.
எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார்.
ஒன்றையும் நம்பாமல்.

ஒன்பதாம் மாடி, செங்குட்டுவன்.
சிப் ஆலையில் இருபத்தாறு வருடம்,
மார்ச் மாதம் ஆட்குறைப்பு.
டேப்லட் கேட்கச் சொன்னதைக் கேட்டேன்:
கடந்த வாரம் ஊதியத்துக்காக
ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா?

யோசித்தார். பொய் சொல்ல வராத முகம்.
"செவ்வாய்க்கிழமை மச்சானோடு செம்பவாங் போனேன்.
ஒரு ஃபிரிட்ஜ் ஏற்றிக் கொடுத்ததற்கு
நாற்பது வெள்ளி தந்தான்."
எவ்வளவு நேரம்?
"முக்கால் மணியில் முடிந்திருக்கும்.
அந்த புளோக்கில் லிஃப்ட் பழுது.
ஒன்றேகால் ஆகிவிட்டது."

லிஃப்ட் வேலை செய்யவில்லை,
ஆகவே இவர் வேலை செய்பவர்.
அழுத்தினேன். பச்சையாக ஒரு சரி விழுந்தது.

அடுப்படியிலிருந்து குரல்:
"மூணு நாள் முதுகு நிமிரல.
பிளாஸ்டருக்கே பதினாலு வெள்ளி. அதையும் எழுதச் சொல்லுங்க."
அதற்குக் கட்டம் இல்லை, அக்கா.

உதவித் தொகை கேட்டீர்களா என்று
நானாகத்தான் கேட்டேன், அது படிவத்தில் கிடையாது.
சிரித்தார். சம்பள வரம்பை எண்பது வெள்ளி தாண்டிவிட்டாராம்.
ஓவர்டைம்.
கடைசி வருடம் தூங்காத இரவுகளெல்லாம்
வரிசையாக வந்து சாட்சி சொல்லியிருக்கின்றன,
இவருக்கு எதிராக.

பிறகு கைபேசியைக் காட்டினார்.
அனுப்பிய விண்ணப்பம் அறுபத்து மூன்று.
வந்த பதில் ஒன்று, அதுவும் நன்றி சொல்லி.
"இதற்கு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தேனே,
இந்த மணியெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்?"

கேள், மரகதம், என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்:
எண் பொய் சொல்லவில்லை.
இருபது வருடம் கணக்கு எழுதியவள் நான்,
திருட்டுக் கணக்கின் வாசனை தெரியும். இது அதில்லை.
கேட்டதற்குச் சொன்னார், சொன்னதை அழுத்தினேன்,
கூட்டினால் சரியாகத்தான் வரும்.
ஆனாலும் பச்சைச் சரிக்கும் அந்த முதுகுக்கும் நடுவில்
ஏதோ ஒன்று
ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல்
படிக்கட்டு வளைவில் சிக்கி நிற்கிறது,
ஃபிரிட்ஜ் மாதிரி.

கிளம்பும்போது தணிந்த குரலில் கேட்டார்:
"இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா?"

ஒப்பந்தம் இருபத்தொன்பதாம் தேதி முடிகிறது, எனக்கே,
என்றேன்.
அப்போதுதான் கம்பிக் கதவைத் திறந்தார்.
உட்காரச் சொன்னார். மைலோ வந்தது.
நாங்கள் எண்ணிக்கையைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை;
மச்சானின் வேனுக்குப் பார்க்கிங் அபராதம் விழுந்த கதை,
என் மகன் ராணுவச் சேவையில் இளைத்துப் போன கதை.

ஐந்து வீடு பாக்கி. இன்றைக்கு மனசில்லை.
பொத்தானை அழுத்தி
லிஃப்டுக்குக் காத்திருந்தேன்.
உடனே வந்தது.
இந்த புளோக்கில்
லிஃப்ட் நன்றாகவே வேலை செய்கிறது.