அவர் உறங்கிய இடங்கள்

ஒல்ரனில் ரயில் ஏறினால்
அரை மணியில் பேர்ண், அரை மணியில் சூரிச்,
அதற்கும் முந்திப் பாசல்.
எங்கும் போகக்கூடிய ஊரில்
எங்கும் போகாமல் ஒன்பது வருடம் இருந்தோம்.

நகரசபையில் நாள் ரிக்கெற் மலிவு என்று
மிதுலா பள்ளிக்கூடத்தில் கேட்டு வந்தாள்.
மாதத்துக்கு ஒன்று, சனிக்கிழமை.
ரொட்டியும் கட்டைச் சம்பலும்,
போத்தலில் தேத்தண்ணி.

தவநேசனுக்குப் பாண் பக்ரறியில் இரவு வேலை.
ஆறு மணிக்கு வீடு வந்து
மாவின் மணம் கழுத்தோரம் போகாமலே
ஏழு ஐம்பதுக்கு மேடையில் நிற்பார்.
ஏறியதும் உறங்குவார்.
இறக்கிவிட்டால்
இறங்கிய இடத்தில் உறங்குவார்.

தை மாதம் வைசன்ஸ்ரைன் மலை.
மேலே வெயில்.
கீழே எங்கள் ஊர், என் சலவைக்கூடம்,
கட்டாத பில்லுகள், ஆற்றுப்பாலம் எல்லாம்
பொங்கிப் பரந்த பாலுக்குள் கிடந்தன.
"பாருங்கோ" என்றேன், மெல்ல.
தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார்.
இரண்டாம் தரம் சொல்லவில்லை.

மாசியில் பாசல்.
அதற்கு மட்டும் லீவு எடுத்தார்.
விடிய நாலு மணிக்கு
தெருவிளக்கெல்லாம் ஒரேயடியாய் அணைய
இருட்டுக்குள்ளிருந்து மேளங்கள் எழுந்தன.
மிதுலா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.
அவர் ஒரு மருந்துக்கடைக் கதவில் சாய்ந்து
நின்றபடியே.

பங்குனி முழுக்க மழை.
ஆராவ் வரை போய்க் கோப்பி குடித்துத் திரும்பினோம்.
அந்தக் கடையில்
அவர் பக்ரறிப் பாண் விலைக்கு இருந்தது.
விலையைப் பார்த்தவர்
வீடு வரும்வரை விழித்திருந்தார்.

சித்திரையில் போகவில்லை. வைகாசியிலும்.
அவருடைய அண்ணருக்குப் பிரான்ஸில் ஒப்பரேஷன்.

ஆடியில் ஆரே ஆறு பச்சைக் கண்ணாடி.
பேர்ணில் ஆட்கள் உடுப்பைப் பைக்குள் கட்டி
பையைப் பிடித்தபடி மிதந்து போகிறார்கள்,
கந்தோருக்குப் போகிறவர்கள் மாதிரி
அவ்வளவு சாதாரணமாய்.
மிதுலாவும் குதித்துவிட்டாள்.
நான் கரையில் செருப்பும் கையுமாய் ஓடினேன்,
அவள் தலையை எண்ணிக்கொண்டு, ஒரே தலையை.
திரும்பி வந்தபோது
மரத்தடியில் அவர் கையில்
எறும்புகள் வரிசை கட்டியிருந்தன.

புரட்டாதியில் என்ட்லெபூக்.
மலையில் கோடை கழித்த மாடுகள்
கொம்பில் பூ, கழுத்தில் குடமளவு மணி கட்டி
இறங்கி வருகிற நாள்.
ஊரே தெருவோரம்.
வாங்கில் கிடந்தவரின் தலைக்கு மேலால்
நூறு மணிகள் போயின.
ஒரு மாடு மட்டும் நின்று, குனிந்து,
அவர் கழுத்தை முகர்ந்தது.
பாண் வாசம்.
பக்கத்தில் நின்ற சுவிஸ்காரி சிரித்துச் சிரித்து
என் தோளில் சாய்ந்துவிட்டாள்.

மிதுலா குளிர்ப்பெட்டிக் கதவில்
நாட்டின் வரைபடம் ஒட்டினாள்.
'அப்பா உறங்கிய இடங்கள்.'
சிவப்புப் புள்ளிகள்.
வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டினாள்,
அவரும் பெருமையாய்த்தான் நின்றார்.

ஐப்பசியில்
சலவைக்கூடத்தில் இரண்டு பேர் வரவில்லை.
அவர்களின் விரிப்புகளையும் நானே மடித்தேன், கிழமை முழுக்க.
தூண் ஏரியில் கப்பல் புறப்பட்டது தெரியும்.
பிறகு தெரிந்தது
என் கன்னத்தில் அவர் ஜக்கெற்றின் சிப் அடையாளம்,
இன்ரலாக்கன்,
இறங்குகிற ஆட்கள்.

"ஒரு கோட்டை வந்தது" என்றார்.
"தண்ணிக்குள்ள கால் வைச்ச மாதிரி.
பிறகு ஒரு கொக்கு, எங்களோடயே கொஞ்சத் தூரம்.
ஒரு மனிசி பல்கனியில நிண்டு
மேசைவிரிப்பு உதறினவ,
எங்களுக்குக் கைகாட்டுறா எண்டு நினைச்சு
நான் கைகாட்டிப்போட்டன்."

"ஏன் என்னை எழுப்பேல்லை?"

"நீர் என்னை ஒருநாளும் எழுப்பேல்லையே."

வரைபடத்தில் ஏரியின் நடுவே
இப்போது ஒரு நீலப் புள்ளி.

கார்த்திகைக்கு ரிக்கெற் எடுத்தாச்சு.
எங்கே என்று முடிவில்லை.
யன்னல் பக்கம் தனக்குத்தான் என்கிறார்.
பார்க்கவா என்றேன்.
தலை சாய்க்கக் கண்ணாடி நல்லதாம்.